காய்ச்சல் நோட்டு

பாசமுள்ள சேகர் மாமாவுக்கு,

இதனால் மணமேல்குடி வட்டாரத்துக்கும் மேலுலகத்துக்கும் அறிவிப்பது யாதெனில், நீங்கள் ஓட்டிய ஐஸ் வண்டியின் ஹாரன் நேற்று முன்தினம் உயிர் துறந்தது. புது டிரைவர் ஜன்னலுக்கு வெளியே தலையை நீட்டி வாயாலேயே ஹாரன் அடிக்கிறார். மீன் ஏலக்கடையில் ஒருவரும் ஒதுங்குவதில்லை.

அடுத்த செய்தி, நான் இப்போது அரை டாக்டர். உங்களுக்கு வந்த ரத்தப் புற்றுநோயைப் பற்றி யார் கேட்டாலும் இலவசமாக விளக்குகிறேன். எலும்புக்குள் இருக்கிற மஜ்ஜைதான் ரத்தம் தயாராகிற இடம். அங்கே முதிராத வெள்ளை அணுக்கள் பெருகி இடத்தை அடைத்துக்கொண்டால், மற்ற அணுக்களுக்கு நிற்கக்கூட வழியில்லை. ஸ்டாண்டிங்கில் கூட இடமில்லாத கடைசி பஸ் மாதிரி. அதனால்தான் சோர்வு, நீலக் கன்றல், விடாத காய்ச்சல். இது ஒட்டாது, யார் விட்ட சாபமும் இல்லை.

இதெல்லாம் அப்போது யாருக்குத் தெரிந்தது? உங்கள் கையில் இருந்த நீலத்தை ஐஸ் பாளம் இடித்த காயம் என்றோம். நீங்கள் வெளுத்துப்போனதும், ரத்தம் ஊறும் என்று அம்மா இரண்டு மாதம் ஆட்டு மண்ணீரல், அதுதான் சுவரொட்டி, வாங்கி வதக்கிப் போட்டாள். "செவுத்துல ஒட்ட வேண்டியத ஏங்க்கா என் வயித்துல ஒட்டுற?" என்று கேட்டீர்கள். நானும் சேர்ந்து சிரித்தேன். ஒரு ரத்தப் பரிசோதனைக்குப் போகச் சொல்ல எங்களில் ஒருவருக்கும் தோன்றவில்லை.

மீமிசல் அஃப்ரினை நினைவிருக்கிறதா? ஆஸ்பத்திரியில் உங்களை 'மொட்டை மாமா' என்று கூப்பிட்ட ஐந்து வயது மொட்டை. உங்களுக்கு வந்த அதே வியாதி, அதே முதுகுத்தண்டு ஊசி. போன வாரம் அவளுக்கு மாத்திரையை நிறுத்திவிட்டார்கள். ரெட்டைச் சடை போட்டுக்கொண்டு பள்ளிக்கூடம் போகிறாள். சந்தோஷமாகத்தான் இருந்தது மாமா. வீட்டுக்கு வந்த பிறகு ஏன் அவ்வளவு கோபம் வந்தது?

ஒரே பேர் கொண்ட வியாதி ஏன் அவளை விட்டுவிட்டு உங்களைப் பிடித்துக்கொண்டது என்று டாக்டரிடம் கேட்டேன். "பிள்ளைங்களுக்கு வர்றது பெரும்பாலும் மருந்துக்கு மசிஞ்சிரும்பா. பெரியவங்களுக்கு வர்றது முரண்டு பிடிக்கும், அந்த மருந்தையும் அவங்க ஒடம்பு அவ்வளவு தாங்காது" என்றார். எனக்குப் புரிந்தது. புரிந்தால் ஆறும் என்று நினைத்திருந்தேன். ஆறவில்லை.

முதல் சுற்று மருந்து முடிந்து நீங்கள் வீட்டுக்கு வந்தபோது டாக்டர் சொன்னது ஒன்றே ஒன்றுதான். மருந்தால் எதிர்ப்புச் சக்தி இறங்கியிருக்கிறது. காய்ச்சல் என்றால் மாத்திரை போட்டுப் பார்க்காமல் உடனே வண்டி ஏற வேண்டும். காலையும் மாலையும் அளந்து நோட்டில் எழுதுகிற வேலையை நானே கேட்டு வாங்கிக்கொண்டேன். அந்த நோட்டை அம்மா இன்னும் உங்கள் படத்துக்குப் பக்கத்தில் வைத்திருக்கிறாள். வருகிறவர்களிடம் எடுத்துக் காட்டி, "எம்புள்ள ஒரு வேள தவறல" என்கிறாள். ஒரு பிழைகூட இல்லாத நோட்டு என்று நானும் பக்கத்தில் நின்று பீற்றிக்கொள்வேன்.

பிழை இருக்கிறது மாமா. எங்கள் பள்ளி கபடி பைனலுக்கு முந்தின நாள் மாலை. கம்பளியைப் போர்த்திக்கொண்டு, "எவ்வளவுடா இருக்கு?" என்றீர்கள். கருவி நூற்று ஒன்று காட்டியது. "தொண்ணூத்தெட்டு, மாமா. சும்மா நடிக்காதீங்க" என்றேன். நோட்டிலும் அதையே எழுதினேன். நீங்கள் சிரித்துவிட்டுத் திரும்பிப் படுத்தீர்கள். வண்டி ஏறினால் எல்லோரும் தஞ்சாவூர் ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும், என் ஆட்டம் போய்விடும் என்று பயந்தேன். அவ்வளவுதான் காரணம்.

மறுநாள் மத்தியானம் நினைவில்லாமல் உங்களைத் தூக்கிக்கொண்டு போனார்கள். பன்னிரண்டு நாள் தீவிர சிகிச்சை. பிழைத்து வந்தீர்கள். மூன்று மாதத்தில் நோய் திரும்பியது, நீங்கள் போய்விட்டீர்கள். 'ஒரு கூட்டாளி' இப்படிச் செய்துவிட்டான் என்று டாக்டரிடம் கேட்டேன். நோய் திரும்பியதற்கும் அந்தக் காய்ச்சலுக்கும் சம்பந்தமில்லை என்றார். பிறகு என்னையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "ஆனா அந்தப் பன்னெண்டு நாள் அவர் பட்டிருக்க வேண்டியதில்ல" என்றார்.

நாளை உங்களுக்கு வருசாந்திரம். படையல் முடிந்ததும் இந்தக் கடிதத்தை முதலில் அம்மா கையில்தான் கொடுப்பேன், சத்தியம். அவள் படித்து முடிக்கிறவரை எங்கும் ஓட மாட்டேன்.

இன்னொன்றும் சொல்லிவிடுகிறேன். பைனலில் ஆறு பாயிண்ட் எடுத்தேன் என்று நீங்கள் கண்விழித்து வெளியே வந்தபோது ஐ.சி.யூ. வாசலில் உங்களிடம் அளந்தேன். அன்றைக்கு என்னைக் களத்திலேயே இறக்கவில்லை மாமா. முழு ஆட்டமும் பெஞ்சில்தான் உட்கார்ந்திருந்தேன்.

உங்கள் அக்கா மகன்,
பிரபு