கதவை நானே இழைத்த செய்தி

வானகரம்
சுபானு வருஷம் கார்த்திகை மாதம் 20ஆம் தேதி

சிரஞ்சீவி பரந்தாமனுக்கு அம்மா நாகம்மாள் ஆசீர்வாதம் செய்து எழுதிக்கொண்டது. இங்கே நானும் பசுவும் கன்றும் முருங்கை மரமும் நல்ல சுகம். பம்பாயில் நீயும் தாட்சாயிணியும் எப்படி இருக்கிறீர்கள், அவளுக்கு இருமல் நின்றதா, உனக்கு மில்லில் ராத்திரி வேலை மாறிவிட்டதா என்று எழுது. எழுத்து கோணலாக இருக்கிறதே, யார் எழுதியது என்று பார்க்காதே, நான்தான். இரண்டாம் வகுப்போடு நின்ற கை, மெதுவாகப் படி. இதுவரை என் பேரில் உனக்கு வந்த கடிதம் எல்லாம் உன் சித்தப்பா எழுதியது. நான் பத்துச் சொன்னால் அவர் இரண்டு எழுதி மீதிக்குத் தன் யோசனையை எழுதிவிடுவார். பொங்கலுக்கு வந்து என்னைப் பம்பாய்க்கு அழைத்துப் போகிறேன், வீட்டைப் பூட்டிச் சாவியைச் சித்தப்பாவிடம் கொடுத்துவிடலாம் என்று நீ எழுதியதை அவர்தான் எனக்குப் படித்துக் காட்டினார். அதற்குப் பதிலை அவர் கையால் எழுத வைக்க எனக்கு மனசு வரவில்லை. அதனால்தான் நாலு நாளாகக் கொஞ்சம் கொஞ்சமாக நானே எழுதுகிறேன்.

ஐப்பசி மழையில் நான் வீட்டுக்குள் அடைபட்டுச் சாகக் கிடந்தேன் என்று அவர் உனக்கு எழுதினாராம். சாகவும் இல்லை கிடக்கவும் இல்லை. நடந்தது இதுதான். அந்த மழை உனக்கே தெரியும், பேப்பரில் போட்டிருப்பான், கூவம் ரோட்டுக்கு வந்துவிட்டது. நம் தெருக்கதவு தண்ணீர் குடித்து உப்பி நிலையோடு ஒட்டிக்கொண்டது. வருஷா வருஷம் ஒட்டுகிறதுதான், உன் நைனா வெளியிலிருந்து ஒரு தோள் கொடுத்தால் திறந்துகொள்ளும். நைனா வைகாசியில் போய்விட்டார், கதவுக்கு அது தெரியுமா. உள்ளேயிருந்து நான் இழுத்த இழுப்புக்கு அது அசையவில்லை. பின்பக்கம் முழங்கால் தண்ணீர். சரி, வெயில் வந்தால் தானே விடும் என்று கேழ்வரகுக் களி கிண்டிச் சாப்பிட்டுக்கொண்டிருந்தேன். சித்தப்பா வந்து கூப்பிட்டார், கதவு ஒட்டிக்கொண்டது என்று உள்ளேயிருந்து சொன்னேன். அவர் அதைக் கேட்டாரோ இல்லையோ, ஐயோ அண்ணி என்று கத்தித் தெருவையே கூட்டி, உதைத்துத் திறந்து உள்ளே வந்து விழுந்தார். என் களித்தட்டு கவிழ்ந்ததுதான் அன்றைக்கு நடந்த ஒரே சேதம். இன்னா அண்ணி, தனியா கெடந்து இப்டியே ஒரு நாள் போய்ச் சேந்துட்டா நான் பரந்தாமனுக்கு இன்னா பதில் சொல்றது, ஊட்டைப் பூட்டு, மவங்கிட்ட போ என்று அன்றையிலிருந்து ஒரே பேச்சு. உன் சித்தப்பா கெட்டவர் இல்லையப்பா. அண்ணனைத் தூக்கிப் போட்ட பிறகு அவருக்கு எதைக் கண்டாலும் பயம். ஆனால் அவர் பயத்துக்காக நான் என் வீட்டை விட்டு வர முடியுமா. கதவு ஒட்டியதுதானே குற்றம், கதவைச் சரி செய்துவிட்டால் பேச்சு நிற்கும் என்று நினைத்தேன்.

வேம்புலி ஆசாரியைப் போய்ப் பார்த்தேன். இந்த ஜப்பான் சண்டை வந்ததிலிருந்து ஆவடியில் பட்டாளத்துக்குக் கொட்டகை கொட்டகையாகக் கட்டுகிறார்கள், சுற்றுப்பட்டில் உளி பிடிக்கத் தெரிந்தவன் ஒருத்தன் மிச்சமில்லை, எல்லோரும் அங்கே கூலிக்குப் போய்விட்டார்கள். வேம்புலி விடிகாலையில் சைக்கிளை எடுத்துக்கொண்டு கிளம்பும்போது மறித்தேன். ஒரு கதவுக்காக ஒரு நாள் கூலிய உட முடியுமா நாகம்மா, தை பொறக்கட்டும் பாக்கலாம் என்றார். தை பிறந்தால் நீ வந்து நிற்பாய், அதற்கப்புறம் கதவு எதற்கு. அவர் போன பிறகு யோசித்தேன். அரிவாள் பிடிக்கிற கை, மண்வெட்டி பிடிக்கிற கை, மரம் சீவுகிற இழைப்புளியைப் பிடிக்காதா. மறுநாள் கத்தரிக்காய்க் கூடையோடு கரையான்சாவடிக்கு நடந்தேன். கரி போட்டு ஓட்டுகிற அந்த பஸ் மேட்டில் நின்றுவிடுகிறது, எல்லோரும் இறங்கித் தள்ளுகிறார்கள், அதற்கு நடையே மேல்.

அங்கே அப்துல் கையூம் பாய் கடை உனக்கு நினைவிருக்கும், பூட்டு, தாழ்ப்பாள், பழைய இரும்பெல்லாம் விற்பார். இழைப்புளி வேண்டும் என்றதும், யாருக்கும்மா என்றார். எனக்குத்தான் என்றேன். மனுஷன் ஒன்றும் கேட்காமல் நாலைந்தை எடுத்துப் போட்டார். முதலில் என் கண் போனது ஒரு சீமை இழைப்புளி மேல், முழுக்க இரும்பு, திருகாணியும் சக்கரமுமாகப் பளபளவென்று இருந்தது. பாய் அதைப் பிடுங்கி வைத்துவிட்டார். அது ஒனக்கு வேணாம்மா, கை கடுக்கும், மழைக்குத் துரு புடிக்கும், ஒரு திருகாணி தொலைஞ்சா இந்தச் சண்டைக் காலத்துல எங்க போயி தேடுவே என்றார். இன்னொன்று கை நீளத்துக்கு இருந்தது, அது நீளப் பலகையைச் சமம் பண்ணுகிறவர்களுக்காம். கடைசியில் ஒன்றரைச் சாண் நீளத்தில் கட்டையால் செய்தது மூன்று இருந்தன, புதுசாகப் பிடிக்கிறவர்களுக்கு அந்த அளவுதான் சொன்னபடி கேட்கும் என்றார். அடிப்பக்கத்தைத் திருப்பி வெளிச்சத்துக்கு நேராக ஒற்றைக் கண்ணால் பார்க்கச் சொன்னார். ஒன்று நடுவில் தேய்ந்து குழிந்திருந்தது, தள்ளிவிட்டேன். மற்ற இரண்டையும் பானை வாங்குகிற மாதிரி விரலால் தட்டிப் பார்த்தேன், பாய் சிரித்தார். சிரித்தவர் ஒன்றில் சத்தம் பொத்தென்று கேட்டதும் சிரிப்பை நிறுத்தி வாங்கிப் பார்த்தார், சீவல் வெளியே வருகிற வாய்க்குப் பக்கத்தில் மயிர் போல விரிசல். பத்து வருசமா யாவாரம் பண்றேன், சட்டி தட்றாப்பல யாரும் தட்டிப் பாத்ததில்லம்மா என்றார். மிச்சம் இருந்தது கருவேலங்கட்டை. வாய் ஒடுக்கமாக இருந்தது, வாய் அகலமாக இருந்தால் மரத்தைப் பிய்க்குமாம். மரத்தைச் சீவுகிற தகடு கனமாக இருந்தது, அதை இறுக்கும் ஆப்பு ஆடாமல் உட்கார்ந்தது. அதையே வாங்கிக்கொண்டேன். விலையைச் சொன்னால் நீ திட்டுவாய், எழுதவில்லை.

இனிமேல் எழுதப் போவதைத் தாட்சாயிணியிடம் சொல்லிச் சிரிக்காதே. வீட்டுக்கு வந்ததும் தகட்டைக் கழற்றினேன். பாய் கொடுத்தது மொக்கையாக இருந்தது. தீட்டுவது எனக்குத் தெரியாததா, கதிர் அறுப்புக்கு இந்த ஊரில் பாதிப் பேர் என்னிடம்தானே அரிவாளைக் கொடுப்பார்கள். கல்லில் தண்ணீர் தெளித்து இந்தப் பக்கம் பத்து அந்தப் பக்கம் பத்து என்று தேய்தேய் என்று தேய்த்து, கை மயிரைச் சிரைக்கிற மாதிரி கூர் ஏற்றிவிட்டேன். பழைய வண்டிப் பலகையை வைத்து ஓட்டிப் பார்த்தால், எருமை முதுகில் மழை மாதிரி வழுக்கிக்கொண்டு போகிறது. தகட்டை இன்னும் இறக்கினேன், ஒரே கடியாகக் கடித்து மரத்தைப் பெயர்த்துக்கொண்டு வாயில் அடைத்துக்கொண்டது. மூன்று நாள் இதே கதை. தெருவில் போகிறவர்கள் எல்லாம் இன்னா ஆசாரிச்சி, கட்டில் எப்ப முடியும் என்று கேட்டுவிட்டுப் போனார்கள். பாய் ஏமாற்றிவிட்டார் என்று சண்டை போடவே திரும்பக் கரையான்சாவடிக்குப் போனேன். தகட்டைப் பார்த்ததும் அவர் தலையில் கை வைத்துக்கொண்டார். இன்னாம்மா இது, ரெண்டு பக்கமும் தீட்டிக்கினு வந்துகீறே, இத வச்சி நெல்லா அறுக்கப் போறே என்றார். அப்புறம்தான் தெரிந்தது, அரிவாளுக்கு இரண்டு பக்கமும் கூர், இதற்கு ஒரே பக்கம்தான் சாய்வு. மறுபக்கம் கண்ணாடி போலத் தட்டையாக இருக்க வேண்டும், அந்தப் பக்கத்தைக் கல்லில் படுக்க வைத்து ஒரே ஒரு இழுப்பு, பிசிறு போவதற்கு மட்டும். அவரே சாணை பிடித்துத் திருத்தி, என்னையும் தீட்ட வைத்துப் பார்த்துவிட்டுத்தான் அனுப்பினார். சண்டை போட வந்தவளுக்கு டீ வேறு வாங்கிக் கொடுத்தார்.

அப்புறம் வேலை நடந்தது. கதவு எந்த இடத்தில் பிடிக்கிறது என்று தெரிய வேண்டுமே. டப்பாவில் குளிக்கிற மஞ்சள் நிறைய மிச்சம் இருந்தது, எனக்கு இனிமேல் அது எதற்கு. குழைத்து நிலையின் உள்விளிம்பில் தடவிக் கதவைச் சாத்தித் திறந்தேன். பிடிக்கிற இடமெல்லாம் கதவில் மஞ்சள் ஒட்டிக்கொண்டது, நடுவிலிருந்து மேலே ஒரு முழம், கீழே நாலு விரல், அவ்வளவுதான். கதவைத் திறந்து வைத்து அடியில் அம்மிக்கல்லை முட்டுக் கொடுத்து ஓட்டினேன். கீழேயிருந்து மேலே தள்ளினால் நார் பிய்ந்தது, மேலேயிருந்து கீழே இழுத்தால் வழவழ என்று வந்தது. மாட்டு முதுகைத் தடவுவது போலத்தான், மரத்துக்கும் மயிர் ஒரு பக்கமாகத்தான் படிந்திருக்கிறது. தகடு அதிகம் நீட்டிக்கொண்டால் கட்டையின் பின்புறத்தில் மத்தால் ஒரு தட்டு, உள்ளே போய்விடும். வெங்காயத் தோல் போலச் சீவல் வந்தால் சரி, அதற்கு மேல் கனமாக வந்தால் ஆசை அதிகம் என்று பாய் சொல்லியிருந்தார். ஆசைப்படவில்லை, மழையில் உப்பியதை எல்லாம் சீவித் தள்ளினால் சித்திரையில் மரம் காய்ந்து சுருங்கி நாய் நுழைகிற சந்து விழும். கருத்துக் கிடந்த கதவு உள்ளே செக்கச்செவேல் என்று இருக்கிறது, அதை இத்தனை வருஷமாக நான் பார்த்ததே இல்லை. நடுப்பலகையில் உன் நைனா தோள் பட்டுப் பட்டு ஒரு கை அகலத்துக்கு மினுமினு என்று ஓர் இடம் இருக்கிறது. அங்கே இழைப்புளியைக் கொண்டுபோகவில்லை. கொஞ்ச நேரம் அங்கே தலையை வைத்துக்கொண்டு நின்றேன், அவ்வளவுதான், நீ ஒன்றும் நினைத்துக்கொள்ளாதே. சாயங்காலம் கதவை ஒற்றை விரலால் தள்ளினேன், போய்ச் சுவரில் இடித்தது. சீவலை எல்லாம் அடுப்பில் போட்டு வெந்நீர் வைத்துக் குளித்தேன்.

சித்தப்பாவைக் கூட்டிவந்து காட்டினேன். திறந்து பார்த்தார், சாத்திப் பார்த்தார். ஒரு கதவ இழைச்சிட்டா ஆச்சா அண்ணி, நாளைக்கு ஓடு ஒயுகும், நாளான்னிக்கு செவுரு சாயும், பொம்பள ஒண்டியா இன்னா பண்ணுவே, பரந்தாமன் வரட்டும் என்று சொல்லிவிட்டுப் போய்விட்டார். எனக்கு ஆத்திரமாக வந்தது, அடக்கிக்கொண்டேன். இது நடந்து பத்து நாள் இருக்கும். போன வெள்ளிக்கிழமை அவர் மகள் ராணிக்கு நிச்சயதார்த்தம், மாப்பிள்ளை வீடு ஐயப்பன்தாங்கல். முதல் நாள் மறுபடியும் மழை. வெள்ளி காலையில் பார்த்தால் சித்தப்பா வீட்டுத் தெருக்கதவு பாதி திறந்து நின்றுகொண்டது, சாத்தவும் வராது திறக்கவும் வராது. மாப்பிள்ளை வீட்டார் தட்டைத் தூக்கிக்கொண்டு ஒருக்களித்து நண்டு மாதிரியா நுழைவார்கள். சித்தப்பா ஆள் அனுப்பி இழைப்புளியை வாங்கிப் போனார். ஆவடிக்குப் போகாத ஆசாரி யாராவது இருக்கிறானா என்று தேடி, கிடைக்காமல், தானே ஓட்டிக் கதவில் மூன்று பள்ளம் பறித்துவிட்டார். நான் போகவில்லை. வருஷம் திரும்பாதவள், நல்ல காரியத்துக்கு நிலைவாசலில் போய் நிற்கலாமா. வீட்டிலேயே இருந்தேன். உன் சின்னம்மா பூங்காவனம் ஈரத்தலையோடு ஓடி வந்தாள். யக்கா, எயுந்து வா, ஒன் கைதான் வேணும் என்றாள். நான் எப்படியம்மா வருவது, நாலு பேர் நாலு பேசுவார்கள் என்றேன். பேசறவங்க வந்து கதவத் தொறக்கட்டும், நம்ம ராணி நல்லா இருக்கணும்னு நெனைக்காத கையா அது, வாக்கா என்று கையைப் பிடித்து இழுத்துக்கொண்டு போனாள்.

அந்த வாசலில் நான் போய் நின்றதும் சித்தப்பா இழைப்புளியை வைத்துக்கொண்டு முழித்தார். வேண்டாம் என்று சொல்லிவிடுவாரோ என்று நினைத்தேன். அவர் இழைப்புளியை என் கையில் கொடுத்துவிட்டு, கதவு ஆடாமல் இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டார். ஆப்பைக்கூட இறுக்காமல் ஓட்டியிருக்கிறார் மனுஷன். நான் தட்டி இறுக்கி, பள்ளம் விழுந்த இடத்தையும் சேர்த்துச் சமமாக்கினேன், ஒரு நாழிகைகூட ஆகவில்லை. சீவல் எல்லாம் அவர் தலையிலும் மீசையிலும் விழுந்தது, நகரவில்லை. முடிந்ததும் பூங்காவனம் பெருக்கிக் கோலம் போட்டாள், நான் கிளம்பினேன். எங்க அண்ணி போறே, தட்டு மாத்தற வரைக்கும் இரு என்று சித்தப்பாதான் சொன்னார். மாப்பிள்ளை வீட்டார் நன்றாக நிமிர்ந்து உள்ளே வந்தார்கள். நான் அடுப்பண்டை பாயசத்தைக் கிளறிக்கொண்டு பார்த்தேன், ராணிக்கு அரக்கு நிறப் புடவை நன்றாக இருந்தது. எல்லோரும் போன பிறகு சித்தப்பா என் பக்கத்தில் வந்து உட்கார்ந்து, நான் எயுதினது தப்பு அண்ணி, நீ அந்த ஊட்லயே இரு, பரந்தாமனுக்கு நானே எயுதிப் போட்டுர்றேன் என்றார். வேண்டாம் தம்பி, நான் எழுதிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டேன்.

அதனால் பரந்தாமா, பொங்கலுக்கு நீயும் தாட்சாயிணியும் கட்டாயம் வாருங்கள், பத்து நாள் இருங்கள். நான் பம்பாய்க்கு வர மாட்டேன். உன் மேல் கோபமும் இல்லை வருத்தமும் இல்லை. அம்மாவை வைத்துக் காப்பாற்ற வேண்டும் என்று நினைத்தாயே, அதுவே எனக்கு நூறு வருஷம் போதும். நைனா இல்லாத வீட்டில் இருப்பது கஷ்டம்தான், இல்லை என்று சொன்னால் பொய். ஆனால் அந்தக் கஷ்டமும் என்னுடையதுதானே, அதைப் பூட்டிவிட்டு நான் எங்கே போவேன். எனக்குப் பேரன் பேத்தி பிறந்து என் கை தேவைப்பட்டால் அப்போது கூப்பிடு, அன்றைக்கே ரயில் ஏறுகிறேன், முதலில் பிள்ளையைப் பெறுங்கள். வேளைக்குச் சாப்பிடு. மில் பஞ்சு மூக்கில் போகாமல் துணி கட்டிக்கொள். தாட்சாயிணிக்கு இருமலுக்குச் சித்தரத்தை வைத்திருக்கிறேன், வரும்போது தருகிறேன். பம்பாயில் வழவழப்பான தீட்டுக்கல் கிடைக்குமாம், பாய் சொன்னார், ஒன்று வாங்கி வா.

முக்கியமாக ஒன்று. இனிமேல் கடிதத்தைச் சித்தப்பா பெயருக்குப் போடாதே. நாகம்மாள், தெருக்கோடி வீடு, வானகரம் என்று என் பெயருக்கே போடு. தபால்காரரிடம் சொல்லிவிட்டேன். எழுத்தைக் கொஞ்சம் பெரிதாக எழுது, நானே படித்துக்கொள்கிறேன். நீங்கள் இருவரும் குறைவில்லாமல் நீண்ட காலம் வாழ வேண்டும்.

இப்படிக்கு உன் அம்மா,
நாகம்மாள்