டாக்டர் என்று சொல்லத் தெரியாததால் என் கணவர் அடிபட்டது குறித்து

அனுப்புநர்:
அ. சுகாசினி,
க/பெ. அந்தோணி,
செவிலிமேடு, காஞ்சிபுரம்.

பெறுநர்:
காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
மாவட்டக் காவல் அலுவலகம்,
காஞ்சிபுரம்.

பொருள்: எங்கள் பகுதியில் வழிப்போக்கர்களை நிறுத்தி, இங்கிலீஷ் வார்த்தைகளைச் சொல்லச் செய்து, உச்சரிப்பை வைத்துப் பிள்ளை பிடிப்பவர் என்று முடிவு செய்வதைத் தடுக்கவும், என் கணவருக்கும் குழந்தைக்கும் பாதுகாப்பு அளிக்கவும் வேண்டுதல் தொடர்பாக.

மதிப்பிற்குரிய அம்மையீர்,

1. நான் பிள்ளையார்பாளையத்தில் பட்டு நெய்யும் குடும்பத்தில் பிறந்தவள். என் கணவர் அந்தோணி கேரள எல்லையோரம் மார்த்தாண்டத்துக்காரர். ஒரகடத்தில் ஒரு தொழிற்சாலையில் வேலை செய்கிறார். அவரும் தமிழர்தான். ஆனால் அவர் வீட்டுப் பேச்சில் டாக்டர் டோக்டர் ஆகிவிடுவார், ஆட்டோ ஓட்டோ ஆகிவிடும். கல்யாணமான புதிதில் அதைச் சொல்லிச் சொல்லிக் கிண்டல் செய்வேன். நான் 'இஸ்கூலு' என்றால் அவரும் விடமாட்டார். வீட்டுக்குள் இருந்தவரை அது சிரிப்பாகத்தான் இருந்தது.

2. ஆடி பிறந்ததிலிருந்து, பிள்ளை பிடிப்பவர்கள் வந்திருப்பதாக எல்லோர் போனிலும் ஒரு செய்தி சுற்றுகிறது. எங்கள் பகுதி இளைஞர்கள் தெருவுக்குத் தெரு முறை போட்டுக் காவல் நிற்கிறார்கள். அவர்கள் அக்கறையைக் குறை சொல்ல மாட்டேன். ஆனால் தமிழை யாரும் கற்றுக்கொண்டு வரலாம், இங்கிலீஷ் வார்த்தையில்தான் ஒருவன் எந்த ஊர் என்று தெரிந்துவிடும் என யாரோ கிளப்பிவிட்டிருக்கிறார்கள். சந்தேகம் வந்தால் டாக்டர், ஆட்டோ, காலேஜ் என்று சொல்லச் சொல்கிறார்கள். ஸ்டேஷனை 'டேசன்' என்பவர்கள்தான் இந்தப் பரீட்சையை வைக்கிறார்கள் என்பதையும் தாங்கள் கவனிக்க வேண்டுகிறேன்.

3. சென்ற வாரம் வியாழக்கிழமை (24.07.2025) மாலை நான் வேலையில் இருந்தேன். எங்கள் நான்கு வயது மகள் தீபிகாவுக்குக் காய்ச்சல் என்று கணவர் வண்டியில் அழைத்துச் சென்றார். குழந்தை அழுதுகொண்டே போனதால், எங்களைத் தெரியாத அடுத்த தெரு முனையில் காவல் நின்ற பையன்கள் நிறுத்தியிருக்கிறார்கள். எங்கே போகிறாய் என்ற கேள்விக்கு அவர் வாயில் 'டோக்டர்' என்றுதான் வந்தது. வண்டிச் சாவியைப் பிடுங்கி, குழந்தையை இறக்கி, அவரை அடித்தார்கள். உதடு கிழிந்துவிட்டது. என் பிள்ளை, என் பிள்ளை என்று அவர் கத்தக் கத்தக் கூட்டம்தான் கூடியது. இவர் யார் என்று குழந்தையைக் கேட்டதற்கு, பயத்தில் அவளுக்குப் பேச்சே வரவில்லை. ஒருவர் கையில் கல் இருந்ததாம்.

4. டீக்கடை முனிசாமி அவளுக்குத் தண்ணீர் கொடுத்து, எங்கே போறீங்க என்று மெதுவாகக் கேட்டிருக்கிறார். "டோக்டர் ஊசி போடுவாரு" என்று சொல்லி அழுதிருக்கிறாள்.

"அவரு மாதிரியே பேசுது பாருங்கப்பா. அவரு கொழந்ததான், வுட்ருங்க" என்றாராம் முனிசாமி. அதன்பிறகுதான் விட்டார்கள். சாவியைத் திருப்பிக் கொடுத்த பையன், தப்பாக நினைக்க வேண்டாம் என்றானாம்.

5. அன்றிலிருந்து என் கணவர் கம்பெனி பஸ் வரும்வரை வாயைத் திறக்காமல் நிற்கிறார். அவர் போனை எடுக்கவில்லை என்றால் கம்பெனிக்கே போன் செய்து விசாரிக்கிறேன். இது கோயிலுக்குப் பல மாநிலத்தவர் வரும் ஊர். நாளைக்கு யார் எதைச் சொல்லி மாட்டுவார்களோ தெரியவில்லை.

6. பயத்தில் நான் தினமும் சமைக்கும்போது இருவரையும் நிற்க வைத்து, டாக்டர், ஆட்டோ என்று சொல்லப் பழக்கினேன். அவர் நாக்கு வளையவில்லை. குழந்தைக்கு நேற்று முதல் நம் ஊர்ப் பிள்ளைகளைப் போலவே 'டாக்டர்' என்று சுத்தமாக வருகிறது. முதலில் கைதட்டினேன். பிறகுதான் உறைத்தது. இனி வேறு யாராவது இருவரையும் நிறுத்தினால் அவர் ஒரு மாதிரியும் அவள் ஒரு மாதிரியும் சொல்வார்கள். அவள் அவர் பிள்ளை என்று யார் நம்புவார்கள், அம்மா?

திங்கட்கிழமை ஊசிக்கு அவளை மறுபடி அழைத்துப் போக வேண்டும். எனக்கு லீவு கிடைக்கவில்லை. அதற்குள் அந்த முனையில் ஒரு காவலரை நிறுத்தி, இந்தப் பரீட்சையை நிறுத்தும்படி தெருத்தெருவாக அறிவிக்கச் செய்யுங்கள் என்று மன்றாடிக் கேட்டுக்கொள்கிறேன்.

இடம்: காஞ்சிபுரம்
நாள்: 02.08.2025

தங்கள் உண்மையுள்ள,
அ. சுகாசினி