செத்தவள் சமைத்த கல்யாணச் சாப்பாடு

மே 14, 1979, திங்கள்

சலூனில் மறுபடி கிராப் வெட்டிக்கொண்டேன். மாசியில் திருத்தணியில் மொட்டை போட்ட தலை, அதற்குள் காதை மூடப் பார்க்கிறது. சலூன்காரர் என் மோவாயைத் திருப்பிப் பார்த்து, "இருவத்தாறு வயசுன்ற, மீசையே காணமே தம்பி" என்றார். எங்கள் குடும்பத்தில் சீக்கிரம் வராது என்றேன். பொய் இல்லை. அம்மாவுக்குக் கடைசி வரை வரவில்லை.

சமையல் மாஸ்டர் இருசப்பன் இதைக் கேள்விப்பட்டு ஒரு பாட்டில் விளக்கெண்ணெய் வாங்கி வந்துவிட்டார். மீசை முளைக்கத் தினம் காலையில் அவர் எதிரிலேயே தடவ வேண்டுமாம்.

இது கல்யாணச் சாமான் லிஸ்ட் எழுதுகிற நோட்டு. பின்பக்கத்திலிருந்து எழுதிக்கொண்டு வருகிறேன். மாஸ்டருக்கும் வடை போடுகிற வேதகிரிக்கும் படிக்கத் தெரியாது. அதனால் ஆதிலட்சுமி என்று என் பேரைப் பெரிதாகவே எழுதலாம். வெளியே நான் ஆதிமூலம். ராத்திரி பாத்திரக் கொட்டகைக்குக் காவலாக நான் மட்டும் படுக்கிறேன், அந்த மட்டும் பிழைத்தேன்.

மே 15

வேலை இல்லை. டீக்கடையில் ஒரு மணி நேரம் சும்மா உட்கார்ந்திருந்தேன். எங்கே போகிறாய், ஏன் உட்கார்ந்திருக்கிறாய் என்று ஒருத்தர்கூடக் கேட்கவில்லை. ஆம்பளையாக இருப்பதில் எனக்கு ரொம்பப் பிடித்தது இதுதான்.

ஆம்பளைகள் தனியாக இருந்தால் ஏதோ பெரிய ரகசியம் பேசுவார்கள் என்று நினைத்திருந்தேன். பாதி நேரம் வயிற்றுக்கடுப்பு. மீதி நேரம் அவரவர் வூட்டுக்காரிக்குப் பயந்தது.

மே 17

நடந்ததை எழுதினால்தான் ஆறும்.

திருப்புலிவனத்திலிருந்து நமச்சிவாயம் என்பவர் வந்தார். மகள் கஸ்தூரிக்கு 31ஆம் தேதி கல்யாணம், சமையல் நம்முடையது. நான் லிஸ்ட் எழுத உட்கார்ந்தேன். மாப்பிள்ளை எந்த ஊர் என்று மாஸ்டர் பேச்சுக்குக் கேட்டார்.

"தாமல். முத்துவேல்னு பேரு. ரெண்டாந்தாரந்தான். மொத சம்சாரம் வாந்தி பேதில பூட்ச்சாம்."

துவரம்பருப்பு பத்து கிலோ என்பதோடு என் கை நின்றுவிட்டது. தாமல் முத்துவேல் என் புருஷன். மொத சம்சாரம் நான்.

"பாவம், அந்தப் பொண்ணு அப்டி சமைக்குமாம்" என்று வேறு சொன்னார். "அது கையால துன்ன வாய்க்கு இப்ப எதுவும் ருசிக்கலன்னு மாப்ள சொல்லிச் சொல்லி மாஞ்சு போறாரு."

அந்தாளு என்னை அண்ணன் வூட்டுக்குத் துரத்தினதே சோறு வாயில வைக்க முடியலன்னுதான். ஆறு வருஷம் ஒரு நாள் நல்லாருக்குன்னு சொன்னதில்லை. நல்லா சமைக்கணும்னா நான் சாவணுமா?

"இன்னா ஆதி, பேனாவுல மை தீந்துட்ச்சா?" என்றார் மாஸ்டர்.

மே 18

தூக்கமே இல்லை. அவர் திரும்பக் கூப்பிட வேண்டும் என்று வேண்டிக்கொண்டுதான் மொட்டையே போட்டேன். கூப்பிடவில்லை. அண்ணி சிரித்த சிரிப்பில் அண்ணன் லுங்கியைக் கட்டிக்கொண்டு கிளம்பினேன். காஞ்சிபுரம் பஸ் ஸ்டாண்டில் இருசப்பன் "தம்பி, வெங்காயம் உரிக்க வர்றியா?" என்றார். அப்படி வந்த பிழைப்பு இது.

வாயைத் திறந்தால் இது போய்விடும். திறக்காவிட்டால் இன்னொருத்தி மாட்டிக்கொள்வாள். எனக்கென்ன, யாரோ கஸ்தூரி.

மே 22

மாஸ்டர் இன்று என்னைப் பக்கத்தில் உட்கார வைத்து, அடுத்த வருஷம் நீதான் மாஸ்டர், எனக்கு முட்டி போய்விட்டது என்றார். தன் பெரிய கரண்டியைக்கூடக் கொடுத்துப் பார்த்தார். அப்புறம், தன் மகள் தேவகி என்னை "நல்ல புள்ள" என்று சொன்னதாகவும் சொன்னார். விளக்கெண்ணெய் எதற்கு என்று இப்போது புரிகிறது.

மே 27

எனக்கென்ன.

மே 30

திருப்புலிவனத்தில் இருக்கிறோம். சாயங்காலம் மாப்பிள்ளை வீட்டார் வந்து டிபன் சாப்பிட்டார்கள். தலையில் துண்டைக் கட்டிக்கொண்டு ஆம்பளைப் பந்திக்குக் கேசரியை நான்தான் பரிமாறினேன், அவர் இலையிலும் வைத்தேன். இன்னொரு கரண்டி கேட்டார். நிமிரவில்லை. எப்போதும் இலையைத்தான் பார்ப்பார், எனக்குப் பயமே இல்லை. சாப்பிட்டு முடித்து, "ஆம்பள கை ஆம்பள கைதான்யா" என்று மாஸ்டரிடம் சொன்னாராம்.

அப்புறம் கஸ்தூரி வெந்நீருக்கு வந்தாள். பத்தொன்பது வயசு இருக்கும். சுற்றிலும் பார்த்துவிட்டு மெதுவாகக் கேட்டாள்: "அண்ணே, புளிக்கொழம்பு கெட்டியா வர இன்னா பண்ணணும்? அவருக்கு சமையல் புடிக்கலன்னா தட்ட வீசுவாராம். அவுங்க அம்மாவே சொல்லி அனுப்சாங்க. கத்துக்கினு வரணுமாம்."

சொல்லிக்கொடுத்தேன். தலையாட்டிக்கொண்டு போனாள். கத்துக்கினு போனா மட்டும் வீசாம இருப்பானா?

மே 31



தாலித் தட்டை எல்லோரும் தொட்டு ஆசீர்வதிக்க மண்டபத்தில் சுற்றி எடுத்து வந்தார்கள். நான் பின்னால் சாம்பார் அண்டாகிட்டே ஒதுங்கி நின்றேன். ஆனால் நமச்சிவாயம் தட்டோடு அங்கேயே வந்துவிட்டார். "எங்க வூட்டு வழக்கம். அடுப்புகிட்ட நிக்கிறவங்களும் தொட்டுக் குடுக்கணும்" என்றார். மாஸ்டர் தொட்டார். வேதகிரி கையைத் துடைத்துக்கொண்டு தொட்டான். அடுத்தது நான். தொட்டால் நானே சம்மதித்துக் கொடுத்த மாதிரி ஆகிவிடும்.

தட்டை இரண்டு கையாலும் பிடித்தேன். விடவில்லை.

"இன்னா தம்பி?"

"ஐயா, செத்தவ தொட்டா ஆசீர்வாதம் செல்லுமா?"

அவர் விழித்தார். என் வாய் அது பாட்டுக்குப் பேசிக்கொண்டு போனது. "வாந்தி பேதில பூட்டான்னு சொன்னாங்களே, அவ நான்தான். எனக்கு ஒண்ணும் ஆவல. நல்லாத்தான் கீறேன்."

நமச்சிவாயம் என்னைக் கையைப் பிடித்து மணமேடைக்கே கூட்டிப்போய்விட்டார். தலைத்துண்டை அவிழ்த்தேன். மாப்பிள்ளை அப்போதுதான் என் முகத்தைப் பார்த்தார். அடையாளம் தெரியவில்லை. "யாருய்யா இந்த ஆளு?" என்று நிஜமாகவே கேட்டார். பக்கத்தில் நின்ற என் மாமியார்தான் கெடுத்தார். "அய்யய்யோ, நம்ப லச்சுமிடா. முடி எங்கடி பூட்ச்சு?"

அதோடு முடிந்தது. கஸ்தூரி தானே மாலையைக் கழற்றி வைத்துவிட்டு உள்ளே போனாள். கல்யாணம் நின்றது, பந்தி நிற்கவில்லை. முந்நூறு பேருக்கு ஆக்கியதை என்ன செய்வது? மாப்பிள்ளை வீட்டாரிலேயே பாதிப்பேர் சாப்பிட்டுவிட்டுத்தான் வேனில் ஏறினார்கள்.

வேதகிரி மட்டும் மூலையில் உட்கார்ந்து, "அப்ப மூணு மாசமா நான் லுங்கி மாத்தும்போதெல்லாம்" என்று எண்ணிக்கொண்டே இருந்தான். நான் பார்க்கவில்லை என்று சத்தியம் செய்தேன். பார்க்கிற மாதிரி ஒன்றுமில்லை என்று சொல்லியிருக்கலாம், பாவம் என்று விட்டுவிட்டேன்.

மாஸ்டர் என் கையிலிருந்து கரண்டியை வாங்கிக்கொண்டார். கிளம்பும்போது, "நாளைலேர்ந்து வராதம்மா" என்றார். திட்டியிருந்தால்கூடத் தாங்கியிருப்பேன். அந்த "அம்மா"தான் தாங்கலை.

ஜூன் 3

திருப்புட்குழி, அண்ணன் வீடு. புடவை கட்டினால் நடக்கத் தடுக்குகிறது. தெருமுனைக்குப் போய் வந்தேன். ஐந்து பேர் எங்கே போகிறாய் என்றார்கள்.

ஜூன் 5

அழுதேன். அவருக்காக இல்லை. அந்தப் பெரிய கரண்டிக்காக.

ஜூன் 10

மாஸ்டர் பஸ் பிடித்து வந்திருந்தார். என் முகத்தைப் பார்க்காமல் சுவரைப் பார்த்துப் பேசினார்.

"ரெண்டு கல்யாணம் ஆச்சு. வேதகிரி சாம்பார் வெச்சான். யாரும் ரெண்டாந்தபா கேக்கல. பதினேழாந்தேதி உத்திரமேரூர்ல ஒண்ணு கீது. நீ லுங்கியே கட்டிக்கினு வந்துடு, நான் யாருக்கும் சொல்லமாட்டேன்."

"சொல்லுங்க மாஸ்டர். லட்சுமின்னே சொல்லுங்க. புடவையிலதான் வருவேன்."

"பொம்பள சமையல்னா ஒத்துக்குவாங்களா?"

"அவுங்க வூட்டுல யாரு சமைக்கிறாங்க?"

இரண்டு காபி குடித்தார். தேவகிக்கு வேறு இடம் பார்ப்பதாகச் சுவரிடம் சொன்னார். போகும்போது அந்த விளக்கெண்ணெய் பாட்டிலைத் திருப்பிக் கேட்டார், தன் முட்டிக்குத் தடவவாம்.

ஜூன் 17, ஞாயிறு

உத்திரமேரூர். புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு அண்டாவை இறக்கினேன். வீட்டுக்காரர் வந்து முறைத்துப் பார்த்தார், சாம்பாரை ஊற்றிக் குடித்துப் பார்த்தார், இன்னொரு கரண்டி வாங்கிக் குடித்துவிட்டுப் போனார். மாஸ்டர் பெருமூச்சு விட்டது எனக்கே கேட்டது.

திருப்புலிவனத்துக் கதை இங்கேயும் எட்டியிருக்கிறது. கொஞ்ச நேரத்தில் கொட்டகை ஓரமாகப் பெண்கள் ஒவ்வொருத்தராக வந்து என்னை வேடிக்கை பார்த்துவிட்டுப் போனார்கள். எல்லோரும் போன பிறகு ஒருத்தி மட்டும் நின்றாள். அந்த வீட்டு மருமகளாம், ராணியம்மாள். கன்னத்தில் பழைய வீக்கம். சொம்பை நீட்டி வெந்நீர் கேட்டாள். ஊற்றினேன். போகவில்லை.

"அக்கா, உங்க கோஷ்டிக்கு இன்னொரு ஆம்பள வேணுமா?"

அரிவாள்மணையை அவள் பக்கம் தள்ளினேன்.