மொட்டை மாடிக்கு முப்பதாண்டுத் திட்டம்

17 மார்ச் 1991, ஞாயிறு

குடியிருப்போர் சங்கக் கூட்டத்தில் இன்று என் முப்பதாண்டுத் திட்டத்தை வாசித்தேன். கைதட்டல் ஸ்ரீபெரும்புதூர் கடைத்தெரு வரை கேட்டிருக்கும். இருப்பது ஆறு வீடுதான். ஆனால் ஆறு பேர் தட்டிய மாதிரி இல்லை. இவன் எட்டாம் வகுப்போடு நின்றவன் என்று யார் சொல்வார்கள்? மாதாமாதம் எல்லோரும் போடுகிற பொதுநிதியை வைத்து, எது எப்போது கெடும் என்று முன்கூட்டியே எழுதிவிட்டேன். தண்ணீர் மோட்டாருக்கு ஆயுசு ஏழு வருஷம். மொட்டை மாடித் தளத்துக்கு முப்பது. முதல் செலவு, வாசலில் ஒரு வளைவு: சங்கத்தின் பெயர், கீழே தலைவர் பரசுராமன் என்று என் பெயர். பெயரில்லாத கட்டடத்துக்கு எதிர்காலம் ஏது?

மேல்மாடி ஞானம்மா மட்டும் தட்டவில்லை. ஆஸ்பத்திரியில் நர்ஸ், ராத்திரி வேலை, பகலில் தூக்கம்.

"அண்ணே, மாடி ஓடு இப்பவே வெடிச்சிக் கெடக்குது. பகல்ல தலைக்கு மேல அடுப்பு எரியற மாதிரி இருக்குது. தூங்காமப் போய் யாருக்காவது ஊசிய மாத்திப் போட்டுட்டா? பேசாம வூட்ட வித்துட்டுப் போயிடலாம்னு பாக்குறேன்."

நடுமாடி நரசிம்மன் கம்பெனி சூப்பர்வைசர். விடுவானா? "மொட்டை மாடி அவங்க தலை மேல கீது, அவங்க போட்டுக்கட்டும். என் தலை மேல அவங்க வூடு கீது. அதுக்கு நான் துட்டு கேட்டனா?"

சபையைச் சமாதானப்படுத்த நான், "வெயில் எல்லாம் மனசில்தான் அம்மா. ராஜஸ்தானத்தில் இருந்தபோது நட்டநடு மத்தியானம் பாறைமேல் படுத்துத் தூங்கியவன் நான்" என்றேன். (ராஜஸ்தான் போனது அத்தை மகன். நான் அரக்கோணம் வரை போனேன். அந்தப் பக்கம்தானே.)

"அப்போ நல்லதாப் போச்சுண்ணே! இந்தக் கோடைக்கு மட்டும் வூட்ட மாத்திக்கலாமா?"

எல்லோரும் என்னையே பார்த்தார்கள். சரி என்றேன். தலைவர் வேறென்ன சொல்வது?

என் வீட்டுக்காரி சுந்தராம்பாள் இன்னும் என்னோடு பேசவில்லை.

24 மார்ச்

கீழ்வீட்டை ஞானம்மாவுக்குக் கொடுத்துவிட்டு மேலே குடிவந்தாயிற்று. காற்றோட்டம் பிரமாதம். சுந்தராம்பாள் தலையணையைத் தொட்டுப் பார்த்து, "இதுல தோசை ஊத்தலாம்" என்றாள். பேசிவிட்டாள், அதுவே போதும்.

3 ஏப்ரல்

சூடுதான். இந்த நோட்டில் மட்டும் ஒத்துக்கொள்கிறேன்.

11 ஏப்ரல்

சுந்தராம்பாள் படப்பையில் தங்கை வீட்டுக்குப் போய்விட்டாள். "பாறை மேல தூங்குனவருக்கு நான் எதுக்கு?"

கீழே என் வீட்டுக் கதவு நாள் முழுக்கச் சாத்தியிருக்கிறது. அடித்துப் போட்ட மாதிரி தூங்குகிறாள் ஞானம்மா. முகமே தெளிந்துவிட்டது. பார்த்தால் எனக்குக் கோபம் வரவேண்டும் — வரவில்லையே? இந்த அடுப்புக்குள் எத்தனை கோடை கிடந்தாளோ.

19 ஏப்ரல்

மத்தியானம் மோட்டாரைப் போட்டு, மொட்டை மாடியில் ஓஸ் பைப்பால் தண்ணீர் விட்டேன். என்ன மூளை எனக்கு! வீடு ஜில்லென்று ஆனது. ஆனதும் — தூங்கிவிட்டேன். மோட்டாரை நிறுத்தாமல்.

கிணறு வத்தி, மோட்டார் சும்மாவே ஓடி உள்ளே காயில் கம்பி கருகிப்போச்சு. வெடிப்பு வழியாத் தண்ணி இறங்கி என் மூக்கு மேலயே சொட்டித்தான் முழிச்சேன். அடச்சே! ஏழு வருஷம்னு எழுதினவனும் நான், ஒரே மத்தியானத்துல தீர்த்துக் கட்டினவனும் நான். ஆறு வீட்டுக்கும் சொட்டுத் தண்ணி இல்ல.

நரசிம்மன் குடத்தோடு மேலே வந்தான். "இன்னா தலைவரே, முப்பது வருசத்துக்கு பிளான் போட்டீங்க. இன்னிக்கு சாயங்காலத்துக்குப் போடலியா?"

21 ஏப்ரல், ஞாயிறு

அவசரக் கூட்டம். மோட்டார் செலவு என் கைக்காசு. அது போகட்டும். எழுந்து நின்று பேசினேன் பாருங்கள்! மோட்டாரைக் கொன்றது நானல்ல, மொட்டை மாடி என்றேன். அரை உண்மைதான். தளம் காய்வதால் அதற்குத் தண்ணீர், தண்ணீரால் மோட்டார் காலி, அதனால் நரசிம்மன் இடுப்பில் குடம். ஆகவே முதல் செலவு தளத்துக்கு.

"மேல குடியிருக்க சொல்லோ இப்பிடிப் பேசுவீங்க" என்றான் நரசிம்மன். "வளைவுக்கு எடுத்து வச்ச துட்ட அதுல போடுவீங்களா?"

ஞானம்மா என்னைப் பார்க்காமல் தரையைப் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"போடு" என்றேன்.

"அப்போ உங்க பேரு?"

"மாடி ஓட்டுக்கு எதுக்குய்யா பேரு?"

அவன்தான் முதலில் கையைத் தூக்கினான்.

5 மே

செங்கல் ஜல்லி, சுண்ணாம்பு, கடுக்காய்த் தண்ணீர், மேலே புது ஓடு. மேஸ்திரிக்கு எல்லாம் நான்தான் சொல்லிக்கொடுத்தேன். "கொஞ்சம் அந்தாண்ட நில்லு சார்" என்று அடிக்கடி சொன்னார். மரியாதை தெரிந்த மனிதர்.

16 மே

சுந்தராம்பாள் வந்துவிட்டாள். வீடுகளும் அவரவரிடம் வந்துவிட்டன. விற்கிற பேச்சை ஞானம்மா எடுப்பதில்லை.

செகண்ட் ஷிஃப்டுக்குக் கிளம்பிய நரசிம்மனை மாடிப்படியில் பிடித்தேன். வெள்ளைக்கார இன்ஜினியர் ஒருவர் என் காதில் மட்டும் ஓதிவிட்டுப் போன சுண்ணாம்புக் கலவையைப் பற்றிச் சொன்னேன். மேலே ஞானம்மா தூங்குகிற நேரம். அதனால் குரலைத் தாழ்த்தித்தான் சொன்னேன். அவன் மேல்வீட்டுப் பக்கம் ஒரு தரம் பார்த்தான்; குறுக்கே ஒரு வார்த்தை பேசாமல் கேட்டுவிட்டுப் போனான்.

மெதுவாகச் சொன்னால் நம்புகிறார்கள் போலிருக்கிறது.