தறியூர் நாய்களின் காப்புக் கயிறு

மாரி பொய்யாது பொழிக! மனையும் தெருவும் பிணியின்றிப் பொலிக! செம்பாறைக் கோட்டையில் வீற்றிருந்து வெண்ணாவல் நாடு புரக்கும் கொற்றமாதேவியாகிய நாம், நெசவாளர் பேரூராம் தறியூரின் காவலனும் நம் உடன்பிறந்த தம்பியுமாகிய இளநாகனுக்கு விடுக்கும் ஓலை. உன் கோட்டையும் குடிகளும் நலம் பெறுக. நலமில்லை என்பது அறிந்தே இதை எழுதுகிறோம்.

வெறிநாய்க் கடியால் உன் ஊரில் சாவு மிகுந்ததென்று நீ முறையிட்டபோது, அரண்மனை மருத்துவர் வேம்பனாரை மருந்துச் சோற்றுடன் அனுப்பினோம். வெறி பற்றுமுன் தின்ற நாயை அது காக்கும். பற்றியபின் நாய்க்கும் உதவாது, கடிபட்ட மனிதர்க்கும் உதவாது. வெயில் பட்டால் கெட்டுப்போகும் அதனை ஈரமணல் இட்ட பானைகளில் வைத்து, மலை கடந்து சுமந்து வந்தனர் நம் ஆட்கள். மருந்துண்ட நாய்க்கு அடையாளமாக, திருவிழாவில் உன் ஊரார் கையில் கட்டிக்கொள்ளும் மஞ்சள் காப்புக் கயிற்றையே அதன் கழுத்தில் கட்டினர். காப்புக் கட்டிய உயிரைத் தறியூரார் துன்புறுத்தார் என்பதால், அது நல்ல யோசனையாகவே பட்டது.

அதன்பின் நீ செய்தது என்ன? கயிறில்லாத நாயைக் கண்ட இடத்தில் அடித்துக் கொல்க என்று முரசறைந்தாய். எம்மை ஒரு சொல் கேட்டாயில்லை. இரக்கமுள்ள மக்கள் சும்மா இருப்பரோ? வீட்டுக்கு வீடு மஞ்சள் நூல் திரித்து, மருந்தின் வாசமே அறியாத நாய்களுக்கும் காப்புக் கட்டிவிட்டனர். நெசவாளர் ஊரில் நூலுக்கா பஞ்சம்! எது மருந்துண்டது, எது உண்ணாதது என்று வேம்பனாராலும் பிரித்தறிய இயலவில்லை. அதற்குச் சினந்து, கயிறு இருப்பினும் எல்லா நாயையும் கொல்லச் சொன்னாய். மருந்துண்ட நாய்களே முதலில் மாண்டன. மனிதர் கையால் சோறு தின்று பழகிய அவை தடியைக் கண்டு ஓடவில்லை. நாய் ஒழிந்த தெருக்களில், மருந்தே உண்ணாத மலையடிவாரத்து நாய்கள் வந்து புகுந்தன.

இனி, வேம்பனார் நமக்கு எழுதியனுப்பியதைக் கேள். மாசாத்தி என்னும் நெசவுப்பெண், உன் ஆட்களுக்கு அஞ்சித் தன் நாயை, நெய்வோர் கால் வைக்கும் தறிக்குழிக்குள் ஒளித்தாள். அது பொய்க்கயிறு கட்டிய நாய், மருந்துண்டதில்லை. குழிக்குள்ளேயே அதற்கு வெறி கண்டது. சோறு வைக்கப் போன அவள் மகள் பூவையின் கையில் பல் பதிந்தது. ஏன் ஒளித்தாய் என்று வேம்பனார் வினவ, அவள் சொன்னதைச் சொன்னவாறே தருகிறோம்: “பக்கத்து வீட்டு நாய் மருந்து தின்னுச்சு, கயிறும் கட்டியிருந்துச்சு. அதையே அடிச்சுக் கொன்னுட்டாங்க. அப்புறம் நான் யாரை நம்பி என் நாயை வெளிய விடுறது சாமி?” இதற்கு விடை உன்னிடம் உண்டோ?

சிறுமியின் புண்ணைக் கழுவியாயிற்று. பிழைப்பாள் என்று சொல்லத் துணிந்தார் எவருமிலர். வெறி கண்டவர் நீரைக் கண்டு நடுங்குவர் என்பதால், தாய் காலைதோறும் ஒரு செம்புத் தண்ணீரை மகளிடம் நீட்டி, அவள் குடித்து முடிக்கும்வரை மூச்சுவிடாது பார்த்திருக்கிறாளாம். 

ஆதலின் நம் ஆணை இது. இவ்வோலை கண்ட பொழுதே கொலைத்தடிகளை உன் கோட்டை அடுப்பில் இட்டு எரிக்க. கொலை இல்லையெனில் பொய்க்கயிறு கட்ட எவர்க்கும் தேவையிராது. புதிய மருந்துப் பானைகள் இவ்வோலையுடன் வருகின்றன. எல்லா நாய்க்கும் மீண்டும் ஊட்டுக, இருமுறை உண்பதால் கேடில்லை. உன் கோட்டைக்குள் மருந்தும் உண்ணாது, தடியடியும் படாது உலவும் உன் வேட்டை நாய்களை நீயே நெசவாளர் தெருவுக்கு நடத்திச் சென்று, ஊரார் காண உன் கையாலேயே முதல் கவளம் ஊட்டுக. அப்போதுதான் தறிக்குழிகளில் ஒளித்தவை வெளியே வரும். மறுத்தால் காவற்பதவி உனக்கில்லை. தம்பி என்றும் பாரோம்.

நாவற்கிளை இலச்சினை பொறித்தோம். எம் சொல்லே இதற்குக் காப்பு. ஓலை கொணர்ந்தவனை வெறுங்கையோடு திருப்பாதே. நீயே மாசாத்தி வீட்டு வாயிலில் போய் நின்று, அச்சிறுமி இன்று தண்ணீர் குடித்தாளா என்று கேட்டறிந்து, அந்த ஒரு சொல்லை அவனிடம் சொல்லி அனுப்புக.