சின்னவள் எழுதாத வரிகள்

மார்ச் 3, செவ்வாய்

பேரப்பிள்ளைகளில் பெரியவன் மேனேஜராகிவிட்டான், ஒரு கூட்டமே அவனுக்குத் தலையாட்டுகிறது. நடுவிலவள் பல் டாக்டர். கடைக்குட்டிக்கு நீச்சலில் வெள்ளி. தங்கம் வாங்கியவளுக்குக் கை நீளம், வேறொன்றுமில்லை. எல்லாருக்கும் மேலே சின்னவள். அவள் எழுதும் புரோகிராமை மற்ற கம்பெனிக்காரர்கள் வாங்கித் தங்கள் புரோகிராமுக்குள் பொருத்திக்கொள்கிறார்கள். லைப்ரரி என்று பெயர். அஞ்சாவதோடு நின்ற எனக்கே புரிகிறது. மாடிவீட்டம்மாவுக்கு எத்தனை தடவை சொன்னாலும் கொட்டாவிதான் வருகிறது.

மார்ச் 9, திங்கள்

சின்னவள் லைப்ரரியோடு ஒரு கருவி சேர்த்திருக்கிறாள், அதுவும் ஒரு புரோகிராம்தான். பெயரை வை, பெயரை எடு, இரண்டும் ஒன்றா பார் என்று ஒவ்வொரு விவரத்துக்கும் எழுதவேண்டிய சலிப்பு வரிகளை அதுவே எழுதிவிடுமாம். மேலே ஒரு குறி போட்டால் போதும். எழுதிய வரி கண்ணுக்குத் தெரியாது, வேலை மட்டும் நடக்கும்.

"லைப்ரரி பாதியா இளைச்சிடுச்சு பாட்டி!"

ஆபீசே கைதட்டியதாம். பின்னே?

மார்ச் 23, திங்கள்

அவள் எழுதும் கணினி மொழிக்குப் புதுப் பதிப்பு வந்திருக்கிறது. கருவிக்கு அது ஒத்துவரவில்லை. லைப்ரரியை வாங்கியவர்களுக்கெல்லாம் வேலை நின்றுபோனது. ஒருவர் போனிலேயே பிடித்துக்கொண்டார்.

"நாப்பதாவது வரியில தப்புன்னு வருதும்மா. உங்க ஃபைல் பதினெட்டோட முடிஞ்சிடுதே?"

"அந்த வரியெல்லாம் கருவி எழுதினது சார்."

"அப்போ அது நம்பரக் குடுங்க, அதுகிட்டயே பேசிக்கிறேன்."

மார்ச் 24, செவ்வாய்

வெள்ளிக்குள் சரியாகாவிட்டால் லைப்ரரியை வேறு ஆள் கையில் கொடுத்துவிடுவார்களாம். அவள் பெற்றதைத் தூக்கி எவனிடமோ — யாருடா நீங்கள்லாம்? அன்னிக்குக் கைதட்டின கை எங்க போச்சு?

மார்ச் 25, புதன்

சின்னவள் சாப்பிடவில்லை.

பெரியவன் போனில் யோசனை சொன்னான். "அந்தக் கருவியச் சரிபண்ண இன்னொரு கருவி இருக்கு."

"அது கெட்டுப்போனா, அண்ணா?"

"அதுக்கும் ஒண்ணு வரும்."

மேனேஜர்!

மார்ச் 27, வெள்ளி

பழைய பதிப்பில் கருவியைக் கடைசியாக ஒருமுறை ஓடவிட்டு, அது ஒளித்து வைத்திருந்த வரிகளையெல்லாம் கக்கவைத்து, லைப்ரரிக்குள்ளேயே ஒட்டிவிட்டாள். கருவியைக் கழற்றியாயிற்று. லைப்ரரி ஊதிப்போய்க் கிடக்கிறது. ஆனால் ஓடுகிறது.

மார்ச் 31, செவ்வாய்

ஒரு விவரம் சேர்க்க நாலு இடத்தில் எழுதவேண்டியிருக்கிறது. நேற்று ஓரிடம் விட்டுப்போய், அதைத் தேடியே பொழுது போனது.

"அப்போ கருவியே தேவலையாடி?"

"என் சொந்த வேலைன்னா வச்சுக்குவேன் பாட்டி. கெட்டா நான்தானே முழிக்கப்போறேன். அடுத்தவங்க தலையில கட்டுறதுல வேணாம்." முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டு கீபோர்டைத் தட்டினாள்.

ஏப்ரல் 2, வியாழன்

கம்பெனியின் இணையப் பக்கத்தைக் காட்டச் சொன்னேன். லைப்ரரியின் பெயர், அதற்குக் கீழே, பொறுப்பாளர் என்ற இடத்தில் இவளேதான். ஆனால் அந்தப் படம்! காலேஜில் சேர்ந்தபோது எடுத்தது, பாதிக் கண் மூடியிருக்கிறது. அத்தனை கம்பெனிக்காரர்களும் இதையா பார்ப்பார்கள்? தலைவாரி, சிரித்த முகமாகப் புதிதாக ஒன்று எடுத்துப் போடடி என்று சொல்லியிருக்கிறேன்.