மாப்பிள்ளை எடுத்த வால் நட்சத்திரம்

11.1.2007 வியாழன்
காலையில் நல்ல பனி. பனியன் கம்பெனி கேட்டுக்கு எண்ணெய் விட்டேன். பள்ளிக்கூட வாசல் மிதிக்காதவன் நான். ஐம்பது வயதுக்கு மேல் பனியன் பெட்டி எழுத்தைப் பார்த்துப் படித்துக்கொண்டது. பிழை இருந்தால் இருக்கட்டும், யார் பார்க்கப் போகிறார்கள்.

சூரியன் இறங்கியதும் மேற்கே, சாயப்பட்டறைப் புகைக்கூண்டுக்கு வலப்பக்கம், வால் நட்சத்திரம். வால் மேல்நோக்கி. கால் மணி நேரம், இறங்கிவிட்டது. நான்தான் முதலில் பார்த்தேன். அறுபத்தைந்தாம் வருஷம் ஐப்பசியில், விடியும் முன் கிணற்றில் மாடு பூட்டித் தண்ணீர் இறைக்கக் கவலை ஓட்டப் போகையில் கிழக்கே ஒன்று. அதன் வால் எந்தப் பனையிலிருந்து எந்தப் பனை வரை என்று இன்றைக்கும் சொல்வேன். அப்போது சின்னுசாமி மாப்பிள்ளை தன் அக்காள் இடுப்பில் தூங்கிக்கொண்டிருந்தான். அந்த அக்காள் என் வீட்டுக்காரி. இன்று அவன் முதலாளி, நான் அவனிடம் வாட்ச்மேன்.

வாயை மூடிக்கொண்டு இருந்திருக்கலாம். அவனிடம் போய்ச் சொன்னேன்.

12.1 வெள்ளி
சாயங்காலம் மொட்டை மாடி. வெளியூருக்குப் பனியன் சாம்பிள் படம் அனுப்பும் கேமரா அவன் கையில். மேலே தெரிந்த வெள்ளியைப் போய் எடுத்துக்கொண்டிருந்தான். டெய்லர்கள் வாயைப் பொத்திக்கொண்டு சிரிப்பு.

"அது தெனமும் வர்ற வெள்ளிங்க மாப்ள. கீழ பாருங்க."

கை ஆடி நாலு படம் வீண். கட்டிங் வேஸ்ட் துணி மூட்டையைத் தோளில் தூக்கி வந்து கைப்பிடிச் சுவர் மேல் வைத்தது நான். கேமராவை அதில் அழுத்தி வைத்த பிறகுதான் படம் நின்றது.

"ஏனுங் மச்சான், கொஞ்சம் தள்ளி நில்லுங்க. மறைக்குது."

எனக்கு ஒரு தடவை காட்டவில்லை. முதலாளி கை முதலாளி கைதான் என்று எல்லோரும். மூட்டையை நானே திரும்ப இறக்கி வைத்தேன்.

13.1 சனி
மேகம். ஒன்றும் தெரியவில்லை. நல்லது.
படம் பேப்பர்காரருக்குப் போய்விட்டதாம். டீக்கடை வரை அதே பேச்சு.
வாங்க வேண்டியது: பூளைப்பூ, வெல்லம், முட்டுவலித் தைலம்.

14.1 ஞாயிறு
நாளைக்குப் பொங்கல், லீவு. வீட்டுக்குக் காப்புக் கட்டினேன். வேப்பிலை, ஆவாரை, பூளைப்பூ.

பேப்பரில் படம், உள்ளங்கை அகலம். கீழே இரண்டு வரி. எழுத்துக் கூட்டி மூன்று தடவை படித்தேன். படம் எடுத்தவர் சின்னுசாமி, பனியன் கம்பெனி உரிமையாளர். என் பேர் இல்லை.

வீட்டுக்காரி ஈரக் கையோடு வந்து, தம்பி எடுத்த படத்தின் கீழே உள்ளதைப் படித்துச் சொல்லச் சொன்னாள். அவளுக்கு எழுத்துத் தெரியாது. படித்தேன். முதலில் கண்டு சொன்னவர் பழனியப்பன் என்று நானே ஒரு வரி சேர்த்து.

"உங்க பேரு எதுங்க? வெரல வெச்சுக் காட்டுங்க."

சின்னுசாமி என்ற பேரின் மேல் விரலை வைத்தேன். அவள் அதைத் தடவிப் பார்த்தாள். என்னையும் பார்த்தாள். இத்தனை வருஷத்தில் அப்படிப் பார்த்ததில்லை.

பேப்பரை மடித்து இடுப்பில் செருகிக்கொண்டு பக்கத்து வீட்டு டீச்சரிடம் காட்டப் போனாள். கூப்பிட்டேன், திரும்பவில்லை. போய் அரை மணி நேரம் ஆகிறது.